மறுப்பின் கணக்கு

சேர்வராயன் மலையில் பிடித்த மழை
அயோத்தியாப்பட்டணம் வர இருபது நிமிடம்.
அதற்குள் பதினான்கு களத்திலும்
தார்ப்பாய் விரிந்தாக வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்பதில் விரிந்தது.
மீதி ஐந்தில்
ஜவ்வரிசி கஞ்சியாகிக் கிடந்ததைத்
திங்கள் காலை காட்டினார் அர்த்தனாரி.
"சென்சார் போச்சுங்க, மாத்திருங்க."

சென்சார் போகவில்லை.
கூரையேறிக் குவளையிலிருந்து
ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
மழை என்றது, உடனே.

கோளாறு கீழே, பெட்டிக்குள்.
ஒரு கேட், அதன் ஒற்றைக் காலில்
பதினான்கு ஒயர்கள்,
பிடுங்கிப் போட்ட மரவள்ளித் தூர்போல.
நான் வைத்தது ஆறு.
மற்றதெல்லாம் களம் பெருகப் பெருக
"ஒரு ஒயர்தானே" என்று
யார் யாரோ முறுக்கிவிட்டுப் போனவை:
சிவப்பு டேப், கறுப்பு டேப்,
கடைசி ஒன்றுக்குச் சாக்கு தைக்கிற நூல்.

எல்லாவற்றையும் கழற்றினால்
மீட்டரில் மூன்றரை வோல்ட்.
மாட்டினால் ஒன்று புள்ளி ஆறு.

இரண்டுக்கு மேலே ஆம்.
புள்ளி எட்டுக்குக் கீழே இல்லை.
ஒன்று புள்ளி ஆறு எதுவும் இல்லை.
அதை ஒன்பது களங்கள் ஆம் என்று கேட்டிருக்கின்றன,
ஐந்து இல்லை என்று.
இரண்டு பக்கமும் பொய் கிடையாது.

பாலிடெக்னிக்கில் தமிழில் படித்தவன் நான்.
மின்மறுப்பு என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்த சொல்
இப்போது கையில் சுடுகிறது.
கொடுக்கிற முனையில் மறுப்பு குறைவாக இருக்க வேண்டும்.
வாங்குகிற முனையில் அதிகமாக.
களத்துக்கு ஒன்றாய் இரண்டாயிரத்து இருநூறு ஓம்,
தனியே பார்த்தால் ரோஷக்காரன்,
எனக்கு ஒரு வாய் போதும் என்பவன்.
பதினான்கு பேரைப் பக்கம் பக்கமாய் நிறுத்து:
நூற்று ஐம்பத்தேழு.

கூட்டம் கூடினால் எதிர்ப்பும் கூடும் என்று நம்பி
கலெக்டர் ஆபீஸ் முன்னால்
ஒரு மே மாதம் முழுக்க உட்கார்ந்தவன் நான்.
இங்கே சேரச் சேரக் குறைகிறது.

"ஒவ்வொன்னும் கொஞ்சந்தானுங்களே இழுக்குது?"
"ஆமாங்க. அதாங்க."

சாயங்காலத்துக்குள் நான்கு பஃபர் வைத்தேன்,
மொத்தம் எண்பது ரூபாய்.
இனி அந்தக் கேட் நான்கு பேரிடம் சொன்னால் போதும்,
அவை தம் தம் பங்குக்குச் சொல்லிக்கொள்ளும்.
மறுபடி ஒரு சொட்டு.
பதினான்கு விளக்கும்
ஒரே மூச்சில் எரிந்தன.

பதினோராவது களத்துப் பாவாயி
முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.
"லைட்டு எரியலைங்கறது எங்க தப்பில்லைனு
இப்பத் தெரிஞ்சுபோச்சு.
நேத்து எங்க அஞ்சு களத்துக்கும்
புடிச்ச கூலி?"

அர்த்தனாரி மலைப்பக்கம் பார்த்தார்.
"பாக்கலாம்" என்றார்.

மீட்டர் என் பைக்குள் இருந்தது.
எடுக்கவில்லை, எடுக்காமலே தெரிந்தது எண்.
பாவாயி அதை
ஆம் என்று கேட்டாளோ இல்லை என்று கேட்டாளோ,
ஏற்காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
விளக்கு எரியுமுன்னே
தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து நின்றாள்.