சாய்தளம்

பெடல் படகு நான்கு. அன்னம் இரண்டு, வாத்து இரண்டு.
அன்னத்தில் ஒன்றுக்குக் கழுத்தில் விரிசல்,
சூசை எம்சீல் வைத்து அப்பியிருக்கிறான்.
துடுப்புப் படகு ஆறு.
மிதவைச் சட்டை முப்பத்தெட்டு.
பதினேழாம் எண் எந்த வெயிலிலும் காயாது,
அதை யாருக்கும் கொடுப்பதில்லை.
ஏறுசுவர் உண்டு,
நாலு மணிக்கு மேல்தான் கை வைக்க முடியும்.
பெண்கள் உடைமாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை;
வெளியே நான் நிற்கிறேன்,
அதுதான் தாழ்ப்பாள்.

தண்ணீர் மட்டும் எங்கள் சாமான் கணக்கில் வராது.
அது வயல்காரர்களுடையது.
மடை திறக்க வருகிறவர்
படகுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.
மாசியில் ஒரு முழம், பங்குனியில் ஓராள் உயரம்,
குளம் அவர் பின்னாலேயே
வாழைக்கு இறங்கிப் போய்விடும்.

திறப்பு விழா கார்த்திகையில்.
அன்று சாய்தளத்தின் நுனியைத்
தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.
சித்திரையில் சொரிமுத்து வந்தபோது
நுனியிலிருந்து தண்ணீருக்குப் பதினொரு எட்டு.
வெடித்த சேறு,
அதற்கப்பால் இன்னும் வெடிக்காத சேறு.

வீரவநல்லூரிலிருந்து
கையால் சுற்றுகிற வண்டியிலேயே வந்திருந்தார்.
நுனிவரை உருட்டிவந்து பிரேக் போட்டார்.
"ஏம்மா, இந்த ரோடு எந்த ஊருக்குப் போவுது?"

"தூக்கிருவோம் அண்ணாச்சி" என்றான் சூசை.
உவரிக்காரன், வலையோடு மீனைத் தூக்கிப் பழகியவன்.
"என்னத் தூக்காண்டாம்.
படகத் தூக்கிட்டு வாங்க."

கொண்டுவந்து வைத்தோம்.
கைகளை ஊன்றி அவரே இறங்கி உட்கார்ந்தார்.
அந்தத் தோளுக்கு
நாலாவது சட்டைதான் பற்றியது.
ஆளுக்கொரு பக்கம், முழங்கால் புதையத் தள்ளினோம்.
அவர் சேற்றிலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்,
எங்கள் முகமெல்லாம் தெளித்து.

தண்ணீர் பட்டதும் எங்கள் கை காலியானது.

இருபது நிமிடம் ஒரு டிக்கெட்.
விசில் ஊதினேன். திரும்பவில்லை.
மறுபடி ஊதினேன். கலிங்குப் பக்கம் ஒரு புள்ளி,
துடுப்பு மட்டும்
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மினுங்கியது.
அன்னத்தில் இருந்த குடும்பம்
மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
மூன்றாம் முறை நான் ஊதவில்லை.

கரைக்கு வந்ததும் கேட்டார்: "எத்தன நிமிசம்?"
"இருபதுதான் அண்ணாச்சி."
"பொய் சொல்லாத. அம்பது."
மூன்று டிக்கெட்டுக்கு எண்ணி
ஈரக் கையோடு நீட்டினார்.
சலுகை உண்டு என்று போர்டைக் காட்டினேன்.
"அத ரோடு போட்ட பெறவு குடு."

புகார் நோட்டில் அதுவரை ஒரே ஒரு வரி:
கக்கூசில் கப் இல்லை.
அதற்குக் கீழே எழுதினேன்,
சாய்தளத்தைப் பதினொரு எட்டு நீட்டவும்.
யாருடைய எட்டு என்று கேட்பார்கள்.
அடித்துவிட்டு, இருபத்தெட்டு அடி என்று எழுதினேன்.
மறுநாள் காலை
மடைக்காரர் வந்துபோனார்.
அதையும் அடித்தேன்.