இடது கால் பெரிசு

"போடப் போட விடும்" என்கிறான் கடைப் பொடியன்.
போன முறை இதை நம்பித்தான்
கோவிந்தமலை இறக்கத்தில்
இரண்டு நகங்களை விட்டுவந்தேன்.

அதனால்தான் கல்முனைக்குப் பின்னேரம் வந்தேன்,
கால் வீங்கும் நேரம் பார்த்து,
காட்டுக்குப் போடும் தடிச்ச மேசோடு.
உள் அட்டையை உருவித் தரையில் போட்டு
ஏறி நிற்கிறேன்.
இடது பெருவிரல் எல்லை தாண்டுகிறது.
நில அளவைக்காரி நான்,
எல்லை விசயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுகா அடுத்த அளவு.
காலை முன்னே தள்ளி
குதிக்குப் பின்னால் சுண்டுவிரலை விடுகிறேன்.
நுழைகிறது, கொஞ்சம் யோசித்து.

மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன்,
திரும்பவும் ஏறி இறங்குகிறேன்.
கூறைச்சேலை எடுக்க வந்த குடும்பம்
சுவரோடு ஒதுங்கி நிற்கிறது.
குதி எழும்பவில்லை. விரல் முட்டவில்லை.
கணுக்காலில் மட்டும் சின்னதாய் ஓர் உறுத்தல்;
ஒரு துளையை விட்டுக் கயிறு கோத்ததும்
அதுவும் வாயை மூடியது.

"இறுக்கமா டீச்சர்?"
நான் டீச்சர் இல்லை. இறுக்கமும் இல்லை.
சப்பாத்து காலைப் பிடித்துவிட்டது,
கால்தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

வலது கொஞ்சம் ஆடுது தம்பி.
இன்னொரு சோடி மேஸ் எடு.