இடதுகரைத் தாள்

கிருலப்பனைக் கால்வாய்ப் பாலம்.
மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரை.
எனக்கு ஒரு தாள், ஒரு பென்சில், இடதுகரை.
வலதுகரை சுனேத்ராவுக்கு.
உயிரோடு இருப்பதை மட்டும் எழுத வேண்டும்.
மிதப்பதற்கு வேறு தாள்.

முதல் வருடம் சுலபம்.
இல்ஹாம் நானாவின் கொத்துக்கடைப் பின்கதவு
இரவு பதினொன்றுக்குத் திறக்கும்.
தோல், குடல், கோழிக்கழுத்து, ஒரு வாளி.
விடியும்வரை தண்ணீர் கொதித்தபடி கிடக்கும்.
கபரகொய்யா பதினேழு.
அதில் வாலறுந்த ஒன்றுக்குக் கடைப்பெடியன்கள்
மனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
காகங்களைப் பத்துப் பத்தாகக் கோடு போடுவேன்,
இருநூறு தாண்டினால் கை வலிக்கும்.
எலி எண்ணுவதில்லை.
தாளில் எலிக்குக் கட்டமில்லை.

பிறகு காஸ் இல்லாத மாதங்கள்.
ஹைலெவல் வீதியில்
சங்கிலியில் கோத்த சிலிண்டர்கள்
மனிதருக்குப் பதிலாக வரிசையில் நின்றன.
நானா அடுப்பை அணைத்தார்.
கவிழ்ந்த வாளிக்குள் ஒரு தவளை குடியேறியது.

அந்த மாதம் எதுவும் மாறவில்லை.
இங்கேதான் நான் பிழைவிட்டேன்.
பதினேழு, இருநூற்றிநான்கு என்று எழுதிவிட்டு
பிரச்சினையில்லை என்றேன்.
சுனேத்ரா சொன்னாள்:
பொறு,
பசி நடந்துதான் வரும்.

நடந்து வந்தது.
காகம் நூற்றிப்பத்து.
அடுத்த மாதம் நாற்பத்தொன்று.
வாகைமரத்தில் போன வருடத்துச் சுள்ளிகளும்
ஒரு துண்டுக் கம்பியும் மட்டும்.
பாடுவது ஆண்குயில்,
முட்டையிடுவது பெண்குயில்,
பிள்ளை வளர்ப்பது காகம்,
காகத்துக்குச் சம்பளம் கொடுத்தது கொத்துக்கடை.
அடுத்த சித்திரையில்
எங்கள் ஒழுங்கைக்குக் குயில் வரவில்லை.
புத்தாண்டுக்கு அது
தொலைக்காட்சி விளம்பரத்தில் கூவியது,
ஒரு பிஸ்கட்டுக்காக.

அதற்கு முன்பே கரையில் தூண்டில்கள் முளைத்திருந்தன.
பெயின்ட் வேலை நின்றுபோன ஜெகதீபன்
திலாப்பியாவைச் சொப்பிங் பையில் மறைத்துக்கொண்டு போவார்.
நான் மறுபக்கம் பார்ப்பேன்,
அவரும்.
மீன் குறைந்தது, நீர்க்காகம் எழும்பிப் போனது,
தேங்கிய மூலையில் புழுக்கள் நெளிந்தன.
மூன்றாம் மாடியில் தர்ஷிகாவின் மகனுக்கு டெங்கு.
மாநகரசபை வந்து புகை அடித்தது.
நுளம்பு மூன்றாம் நாள் திரும்பியது.
தும்பி இன்னும் வரவில்லை.

மனேஜர் இரை தேடி றோட்டேறியபோது
138 பஸ் வந்தது.
அதை எந்தத் தாளில் எழுதுவது?
உயிரோடு இல்லை,
மிதக்கவுமில்லை.

எங்கள் மாடிக்கட்டிடத்தில் பன்னிரண்டு கதவு.
ஐந்துக்கு முன்னால்தான் செருப்பு கிடக்கிறது.
மற்றவர்கள் ஸ்காபரோ, டோஹா, ஒருவர் எங்கேயென்றே தெரியாது.
லிஃப்டில் தனியாக ஏறும்போது
பென்சிலைத் தேடிக் கை சட்டைப்பைக்குப் போகிறது.

இப்போது கடை திறந்துவிட்டது.
தகட்டில் கொத்தும் சத்தம் பாலம்வரை கேட்கிறது.
எல்லாம் பழையபடி ஆகுமென்று
அலுவலகத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார்கள்,
இறங்கி, வளைந்து, ஏறும் அழகான கோடு.
அவர்களுக்கு நானாவின் வாளியைத் தெரியாது.
கழுத்துக்கு விலை வந்துவிட்டது, அது சூப்புக்குள் போகிறது.
குடலைப் பன்றிப்பண்ணைக்காரன் காசு கொடுத்து எடுக்கிறான்.
கால்வாய்க்கு வருவது வாளி கழுவிய தண்ணீர்.

கபரகொய்யா ஆறு.
ஒன்று குட்டி, மஞ்சட்புள்ளி காயாதது,
கான் வாயிலிருந்து நாக்கை நீட்டி
காற்றில் எதையோ கேட்டுப் பார்க்கிறது.
காகம் எழுபத்திரண்டு.
எலி, கட்டமில்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதினேன்:
கணக்கில்லை.

தாளின் அடியில் 'காரணம்' என்று
தீப்பெட்டி அளவில் ஓர் இடமுண்டு.
அதில் 'வாளி' என்று எழுதிக் கொடுத்தேன்.
அச்சாகி வந்தபோது
'பருவநிலை' என்றிருந்தது.