முன்கை

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
இருநூற்றைம்பதுக்கு வாங்கினாயே, திருமூர்த்தி,
அந்தச் சவரக்கத்தியை இன்று தீட்டாதே.
முதலில் கல்லைத் தேய்.
பென்சிலால் கட்டம் போடு.
கட்டம் ஒருசேர அழிந்தால் கல் சமம்,
நடுவில் மட்டும் மிஞ்சினால் குழி.

முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுக்கட்டும்.
முதுகைத் தூக்கினால் கூர் சீக்கிரம் வரும்,
சீக்கிரமே போகும்.
அழுத்தாதே.
நான் அழுத்தினேன்.
இளநீர் லோடோடு வரிசையில் நிற்கிறபோதெல்லாம்
மடியில் பலகை வைத்து
ஒரு நல்ல கத்தியைப் பாதி அகலமாக்கினேன்.
கத்தியின் எடையே போதும் என்று நம்ப
நாலு மாதம் ஆனது எனக்கு.

வாயோரம் கறுப்பு மார்க்கர் பூசு.
மை எங்கே நிற்கிறதோ
அங்கே கல் இன்னும் தொடவில்லை.
தோல்வாரில் மட்டும் முதுகு முன்னே போகணும்;
மறந்தால் ஒரு வார் இரண்டு வார்.

பதம் பார்க்க முன்கை மயிர்.
இடக்கை தீர்ந்தது.
வலக்கைக்காக இடக்கையில் கத்தி பிடிக்கப் பழகினேன்.
பிறகு கெண்டைக்கால்.

கோபாலபுரம் செக்போஸ்டில்
பில்லை நீட்டிய கையைப் பார்த்து
"எந்தா இது, தீனமோ?" என்றார் ஏட்டு.
கத்தி தீட்டுகிறேன் என்று
அங்கே சொல்ல முடியுமா?
"ஆமா சார், சொறி."
இரண்டு விரல் நுனியால் பில்லைத் திருப்பித் தந்தார்.
அன்றிலிருந்து
என் வண்டியை யாரும் நிறுத்துவதில்லை.

தாடையில் இன்னும் வைக்கவில்லை நான்.
ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றிருக்கிறேன்.
நீ கல்லை ஊறப்போடு.