அடிவிரிப்பு

டனீடனில் எல்லாத் தெருவும் சரிவு.
ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
இறங்கும்போதுதான் முட்டி
தன் பாக்கியைக் கேட்கும்.

இருபத்தொன்பது வருஷம் கம்பளம் விரித்தவன் நான்.
சுவரோரம் இழுத்துப் பொருத்த ஒரு கருவி உண்டு:
முன்னால் பல், பின்னால் சின்னத் திண்டு.
முழங்காலால் உதைக்க வேண்டும்.
ஓர் அறைக்கு நூறு உதை, நூற்றைம்பது உதை.
மொத்தம் எத்தனை என்று ஒருநாள் பெருக்கிப் பார்த்தேன்,
பாதியில் பென்சிலை வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம், கண்ணாடியெல்லாம் உறைபனி,
மிஸஸ் அபர்நெதி வீட்டு மாடிப்படி.
ஒன்பதாம் படியில் ஊன்றிய கால் நிற்க
உடம்பு மட்டும் திரும்பியது.
உள்ளே ஏதோ கிழிந்தது,
ஈரத்துணி கிழிகிற மாதிரி, சத்தமில்லாமல்.
மிச்சப் படி நாலையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.
மறுநாள் காலை முட்டியைக் காணோம்.
அந்த இடத்தில்
ஒரு பம்பளிமாஸ் உட்கார்ந்திருந்தது.

படத்தில் கறுப்பாக இரண்டு பிறை.
வெளிப்பக்கத்துப் பிறை முழுசு.
உள்பக்கத்துப் பிறையின் குறுக்கே
வெள்ளையாக ஒரு கீற்று.
"குருத்தெலும்பு" என்றார் டாக்டர் வெதரால்.
குருத்தாம், ஐம்பத்திரண்டு வயதில்.

எனக்கு அது வேறு வார்த்தையில் புரிந்தது:
அடிவிரிப்பு.
கம்பளத்துக்கும் பலகைக்கும் நடுவில்
யார் கண்ணிலும் படாமல் கிடப்பது.
வாடிக்கையாளர்கள் காசு மிச்சம் பிடிப்பது அதில்தான்.
"இதை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்பார்கள்.
மூன்றாம் வருஷம் கம்பளத்துக்கு வழுக்கை விழும்.

"பிரிந்த ஓரத்தை நறுக்கிவிடுங்கள்" என்றேன்.
நான் அதைத்தானே செய்வேன்.
"உங்கள் வண்டியில் இன்னொரு சுருள் இருக்கும்.
என்னிடம் இல்லை" என்றார்.

பிறையின் வெளி விளிம்புக்கு ரத்தம் வரும்,
கிழிந்தால் தைக்கலாம், ஒட்டும்.
உள் விளிம்புக்கு வராது.
ஊருக்கெல்லாம் குழாய் போட்டு
கடைசித் தெருவை விட்டுவிட்ட மாதிரி.
என் கிழிசல் கடைசித் தெருவில்.

"கால் பாதியில் பூட்டிக்கொண்டு
நீட்ட முடியாமல் போகிறதா?"
இல்லை.
"அப்படியானால் கத்தி காத்திருக்கட்டும்.
உங்கள் வயதில்
வலியே இல்லாத முட்டியைப் படம் எடுத்தாலும்
பலருக்கு இந்த நைவு தெரியும்."

கத்தி கேட்டுப் போனவனுக்கு
ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

மெரேயானா, பிசியோதெரபிஸ்ட்,
அவள் முட்டியிலும் தழும்பு, ரக்பியில் வாங்கியது.
"எழு. உட்கார். விழாதே, உட்கார்."
அறுபது கிலோ சுருளைத் தோளில் தூக்கினவன்
ஏழாவது தடவையில்
நாற்காலியிடம் தோற்றேன்.
துவாலையைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து
அழுத்து, பத்து எண்ணு, விடு.
பன்னிரண்டு வாரம்.
உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று
முட்டிக்கென்றே ஆகிவிட்டது.
ஷோனா அதன்மேல் பேனாவால் எழுதிவைத்தாள்:
சமைக்க அல்ல.

ஐந்தாம் வாரம் மறுபடி வீங்கியது.
மெரேயானாவிடம் கத்தினேன்.
"வீக்கம் உன்னைத் திட்டவில்லை,
நேற்று என்ன செய்தாய் என்று கேட்கிறது" என்றாள்.
நேற்று ஒரு கூடத்துக்கு விரித்திருந்தேன்.
சொல்லவில்லை.
அவள் என் கால்சட்டையில் ஒட்டியிருந்த
பச்சைக் கம்பள நூலை எடுத்து
மேஜைமேல் வைத்தாள்.

இப்போது நெம்புகோல் வைத்த கருவி வாங்கியிருக்கிறேன்.
கையால் அமுக்கினால் சுவர்வரை இழுக்கும்.
இருபத்தொன்பது வருஷமும் அது கடையில்தான் இருந்தது.
விலை அதிகம் என்று விட்டிருந்தேன்.

குணமாகிவிட்டதா என்கிறார்கள்.
கிழிசல் அங்கேயேதான் இருக்கிறது,
சுற்றியுள்ள தசை அதற்கும் சேர்த்து வேலை செய்கிறது.
தெருவில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன்.
தெரிந்தவர் யாராவது வந்தால் விட்டுவிடுகிறேன்.
அவர் தாண்டிப் போனதும்
மறுபடி பிடிக்கிறேன்.