இஸட்

எங்கள் அச்சகத்தில்
தலைப்புக்கான மர எழுத்துகளில்
இஸட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
யாருக்கு வேண்டும் இஸட்?
கோதுமை விலை, கப்பல் வருகை,
பன்றி ஏலம், ஞாயிற்றுப் பிரசங்கம்,
ஏரிக்கரையில் எழும்பிக்கொண்டிருந்த ஊருக்கு
மற்ற இருபத்தைந்தே போதுமாயிருந்தது.

எழுபத்து நான்கு, மார்ச்.
பனிக்கட்டி உடைந்த காலையில்
தானியக் கிடங்கின் இறங்குதுறையில்
சலவைக்காரி ஒருத்தி மிதந்தாள்.
ஸுஸானா ஸெலென்கா.
அவள் பெயருக்கொன்று, அப்பன் பெயருக்கொன்று:
இரண்டு இஸட்.

ஃபோர்மன் டில்லாட்ஸன் ஓர் 'என்'னை எடுத்துப்
பக்கவாட்டில் படுக்கவைத்தார்.
தள்ளி நின்று பார்த்தால் தெரியாது என்றார்.
தெரியவில்லை.
அன்று பேப்பர் வாங்கிய அத்தனை பேரும்
படுத்துக்கிடந்த எழுத்தில்தான்
அவளைப் படித்தார்கள்.

கிடங்கு முதலாளி ஆன்ஸெல் ட்ரெட்விக்
கூண்டில் நின்றார், கையுறை கழற்றாமல்.
அவர் சட்டைகளை வெளுத்தவள் அவள்.
போனது பதினான்கு, திரும்பியது பதின்மூன்று.
அந்த ஒரு சட்டையைப் பற்றி
ஆறு நாள் வாதாடினார்கள்.

ஊர்வாய்க்கு ஏது உலைமூடி.
குதிரை டிராம் கம்பெனி ஒரே வாரத்தில்
நீதிமன்ற வாசல்வரை தண்டவாளம் போட்டது;
காலரா ஆண்டில் ஆஸ்பத்திரிக்குக் கேட்டபோது
மண் சரியில்லை என்றவர்கள்தான்.
ஓட்டல்களில் பில்லியர்ட்ஸ் மேசைமீதும் ஆள் படுத்தான்.
எதிர்ச்சாரித் தேவாலயம் பெஞ்சுகளை வாடகைக்கு விட்டு
கோபுரத்துக்கு மணி வாங்கியது.
அவள் குடியிருந்த அறையின் சுவர்க்காகிதத்தைக்
கைக்குட்டை அளவாகக் கிழித்து
ஐந்து செண்டுக்கு விற்றாள் வீட்டுக்காரி.
தீர்ந்ததும் பக்கத்து அறையில் கிழித்தாள்.
எங்கள் தெருவில் அதுவரை பூட்டு கிடையாது.
பூட்டுக்கடைக்காரன் அந்த வசந்தத்தில்
மாடி எடுத்தான்.

நான் மட்டும் யோக்கியனா?
இரவு வேலைக்கு இரட்டைக் கூலி.
வாங்கினேன் ஓர் இரும்பு அடுப்பு.
இன்றும் அதில்தான் காபி கொதிக்கிறது.

இரண்டாவது வாரம்
ஈயப் பொடி எழுத்திலும் பஞ்சம்.
ஒரு பக்கத்தில் பத்துமுறை அவள் வந்தால்
பதினோராவது முறைக்கு எழுத்தில்லை.
'சலவைக்காரி' என்று போடு என்றார் டில்லாட்ஸன்.
போட்டேன்.
பிறகு 'அந்தப் பெண்' ஆனாள்.
பிறகு 'இறந்தவர்'.
அப்புறம் ட்ரெட்விக் வழக்கு, ட்ரெட்விக் வழக்கு,
பெட்டி நிறையக் கிடந்த எழுத்துகளால் ஆன
பெயர் அவருக்கு.

அவள் அக்கா சாட்சி சொன்ன நாள்
மொழிபெயர்க்கப் பிடித்துவந்தது
ஒரு ரொட்டிக்கடைக்காரனை.
கூண்டின் கட்டையைத் தட்டித் தட்டி
பொஹீமிய மொழியில் கால்மணி நேரம் பேசினாள்.
தொப்பியைத் திருகிக்கொண்டு அவன் சொன்னான்:
"இவருக்கு ரொம்ப வருத்தமாம்."
எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் எனக்கு.
வந்த வரி அந்த ஒன்றுதான்.
அதை எந்தப் பக்கம் திருப்பியும்
படிக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள். ஜூரிக்கு நாற்பது நிமிடம் போதுமாயிருந்தது.
குற்றமற்றவர்.
தொப்பிகள் பறந்தன, சில செங்கற்களும்.
துறைமுகத் தெருக்களுக்கெல்லாம் எரிவாயு விளக்கு என்று
நகரசபை கைதட்டித் தீர்மானம் போட்டது.
இறங்குதுறைக்கு மட்டும் விளக்கு இல்லை.
அது தனியார் இடம்.

மே மாதம் கிழக்கிலிருந்து
வைக்கோல் அடைத்த பெட்டி வந்தது.
முதலாளி ஆர்டர் கொடுத்து மறந்துபோன
முப்பது இஸட்.
மை தொடாத மரம், கையில் வழுக்கியது.

அதே வாரம் அரைப்பக்க விளம்பரம்:
துத்தநாகத் தொட்டிகள்.
இந்த ஊர் மொழியில் துத்தநாகமும்
இஸட்டில்தான் தொடங்குகிறது.
'துரு ஏறாது. துணி வெளுக்க உகந்தது.
ட்ரெட்விக் கிடங்கில் கிடைக்கும்.'

எழுத்து போதுமா என்றார் டில்லாட்ஸன்.
போதும் என்றேன்.
மிச்சமும் இருந்தது.