பத்து விநாடி

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி.
சூரியன் இனி ஜனவரியில்தான்.
விளக்கடியில் நான் ஓர் எலியின் இதயத்தைக்
கண்ணாடிக் குழாயில் நூலால் கட்டித் தொங்கவிடுகிறேன்.
கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது.
உடம்பு இல்லை. ஆனாலும் துடிக்கிறது.

முப்பது நிமிடம் ஓட்டத்தை நிறுத்துவேன்.
துடிப்பு தளரும், நிற்கும்.
பிறகு திருகைத் திறப்பேன்.
புதிதாக வந்த மாணவர்கள்
இந்த இடத்தில் மூச்சு விடுவார்கள்,
பிழைத்துக்கொண்டது என்று.
நான் அப்போதுதான் மூச்சைப் பிடிப்பேன்.

பட்டினி கொன்றது பாதி,
பந்தி கொல்வது மீதி.

அடுப்பு அணைந்த வீட்டில்
சக்சினேட் குவிந்து கிடக்கும், எரியாத விறகாக.
ஆக்சிஜன் வந்த கணம்
அத்தனையும் ஒன்றாகப் பற்றும்.
பொறி தெறிக்கும், கால்சியம் புகும்,
மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஒரு துளை திறக்கும்.
அது திறந்தால் அந்தச் செல் அவ்வளவுதான்.

தடுக்க ஒரு வழி உண்டு, அதுவும் உள்ளேயே.
ஆக்ட் என்றொரு நொதி.
விழித்துக்கொண்டால்
அடுத்தவன் தோளில் ஒரு பாஸ்பேட்டை வைக்கும்.
அவன் வாய் அடங்கும்.
துளை மூடியே கிடக்கும்.
அதை எழுப்பப் பதினெட்டு வருடமாக என் விரல் செய்வது இது:
பத்து விநாடி திற, பத்து விநாடி மூடு.
ஆறு முறை.
அப்புறம்தான் முழு வெள்ளம்.

மாலையில் இதயத்தைச் சீவிச் சாயத்தில் போடுவேன்.
செங்கல் நிறம் என்றால் உயிர்.
வெளிறினால் போனது.
திறந்து மூடிய இதயங்களில் சிவப்பு அதிகம்.
எலிகளில்.

ஓட்வாரை ஷெர்வோயிலிருந்து
ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள்.
என் தம்பி. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
அப்பாவின் படகை நான் விற்றேன், அவனைக் கேட்காமல்.
வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டானாம்.

தாழ்வாரத்தில் டாக்டர் முகமூடியை இறக்கினார்.
“திறந்தாச்சு, வென்கே. ரத்தம் ஓடுது.”
அந்த நிமிடம் எனக்குத் தெரியும்.
கதவிடுக்கில் தெரிந்த திரையில்
கோடு தடுக்கி விழுந்து எழுந்தது.
“ஒரேயடியாகவா திறந்தீர்கள்?”
என்னைப் பார்த்தார். கோபமில்லை.
“மனிதர்களிடம் செய்து பார்த்தார்களே.
பெரிதாய்ப் பலன் தெரியவில்லை.
சீக்கிரம் திறப்பதுதான் வைத்தியம்.”
சரிதான். அந்தக் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன்.
ஆனாலும் கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
மூடித் திறந்து, மூடித் திறந்து.

மூன்றாம் நாள் ஸ்கேன்.
முன்சுவரில் உள்ளங்கையில் ஒரு மூலை அளவு அசையவில்லை.
அடைப்பு கொன்றது எவ்வளவு,
திறப்பு கொன்றது எவ்வளவு?
சீவிச் சாயத்தில் போட்டால் சொல்லிவிடுவேன்.
அவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.
சிரித்திருப்பான், பத்து வருடம் முன்பு.

கட்டிலருகே உட்கார்ந்தேன்.
ஒன்பது வருடம் தொண்டையில் குவிந்து கிடந்தது.
பற்ற ஒரு வார்த்தை போதும்.

“ஜன்னலைச் சாத்தவா?”

“வேண்டாம்.”

சுவர்க் கடிகாரம். துறைமுகத்தில் ஒரு பனித்தள்ளி
எதையோ சுரண்டிக்கொண்டிருந்தது.

“என்ன விலைக்குக் கொடுத்தாய்?”

சொன்னேன். விலையை மட்டும்.

கண்ணை மூடிக்கொண்டான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்க தோஷம்.
எட்டு, ஒன்பது,

“எஞ்சினோடா?”

“எஞ்சினோடு.”

மறுபடி மௌனம்.
பிறகு போர்வைக்கு வெளியே காலை நீட்டி
குளிருகிறது என்றான்,
என் சாக்ஸை எங்கே வைத்தார்கள் என்று கேட்டான்.